விவாகரத்துக்குப் பின் இனிஷியல் மாற்றம்: அரசிதழில் என் விலாசமும் அச்சாகுமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெயர் மாற்றம் பற்றி இங்கே பழைய இழைகள் நிறைய இருக்கின்றன. படித்துப் பார்த்தேன். பெரும்பாலும் நியூமராலஜிக்காகப் பெயரில் ஒரு எழுத்தைச் சேர்ப்பவர்கள் கேட்டவை. என் விஷயம் வேறு, அதனால் தனியாகக் கேட்கிறேன்.

எனக்கு விவாகரத்து ஆகிவிட்டது. குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையில் இருக்கிறது, மேல்முறையீட்டுக் காலமும் முடிந்துவிட்டது. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள் எல்லாம் அப்பாவின் இனிஷியலோடு இருக்கின்றன. கல்யாணமான புதிதில் ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பெயர் வேண்டாம். அப்பா இனிஷியலுக்குத் திரும்பவும் மனசில்லை. நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே விட்டுவிட்டுப் போனவர் அவர். வளர்த்தது அம்மா. வழக்கு நடந்த வருஷங்களில் கோர்ட் வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்ததும் அம்மாதான். அவர் பெயரையே என் பெயரோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பயம் ஒன்றுதான். முன்னாள் கணவர் அமைதியான ஆள் இல்லை. நான் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறேன், எந்தத் தெருவில் இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. பெயரை மாற்ற வேண்டுமென்றால் பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும், கெஜட்டில் போட வேண்டும், அதில் விலாசத்தோடு வரும் என்கிறார்கள். விலாசம் இல்லாமல் செய்ய வழி உண்டா? அவருக்குத் தனியாக நோட்டீஸ் ஏதாவது போகுமா? ஏழு வயதில் மகள் இருக்கிறாள், என்னிடம்தான் வளர்கிறாள். அவள் இனிஷியலையும் மாற்ற முடியுமா, அதற்கு அவர் கையெழுத்து வேண்டுமா?

விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


டெல்டாக்காரன் எழுதியது:

சகோதரி, முதலில் முத்திரைத்தாளில் ஒரு அஃபிடவிட் போட வேண்டும். அப்புறம் நாளிதழில் விளம்பரம். அந்தப் பேப்பரை முழுசாக எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு கெஜட்டுக்கு அனுப்ப வேண்டும். என் மச்சான் மத்திய அரசு வேலையில் இருக்கிறார், அவர் அப்படித்தான் செய்தார். விலாசம் போடாமல் விடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். எதற்கும் ஒரு வக்கீலைப் பாருங்கள்.


கோர்ட் வாசல் எழுதியது:

அம்மா, நான் வக்கீல் இல்லை. வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் மாற்றப் படிவம் நிரப்பித் தருவது எங்கள் மேஜையில் அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

மேலே டெல்டாக்காரன் தம்பி சொன்னது தவறில்லை, ஆனால் அது இந்திய அரசிதழுக்கான முறை. டெல்லி சிவில் லைன்ஸில் உள்ள வெளியீட்டுத் துறைக்குப் போகிற விண்ணப்பம் அது. மத்திய அரசு ஊழியர்களுக்கு அந்த வழிதான் விதிக்கப்பட்டிருக்கிறது. அங்கே உறுதிமொழிப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், சாட்சிகள் எல்லாமே வேண்டும். யூடியூபில் பார்க்கிற வீடியோக்களும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கின்றன. நம் ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு வந்து நிற்பார்கள்.

நீங்கள் தமிழ்நாட்டில் இருப்பவர். உங்களுக்குத் தமிழ்நாடு அரசிதழ் போதும். அதை நடத்துவது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை, அலுவலகம் சென்னை அண்ணா சாலையில். படிவம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. இதற்கு முன்கூட்டியே பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டியதில்லை. படிவத்தில் ஒட்டும் புகைப்படத்தில் தாசில்தாரோ, ஏ அல்லது பி பிரிவு அரசு அலுவலரோ, நோட்டரி வழக்கறிஞரோ சான்றொப்பம் இட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ் நகல், உங்கள் விஷயத்தில் விவாகரத்துத் தீர்ப்பின் நகல். கட்டணம் அவ்வப்போது மாறும், அனுப்புகிற அன்று தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதைக் கட்டுங்கள். இடையில் வருகிற ஏஜெண்டுகள் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அவர்கள் செய்வதும் இதே படிவத்தை நிரப்புகிற வேலைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயருக்கே திரும்புவதாக இருந்தால், அரசிதழ் இல்லாமலே பெருமளவு வேலை முடிந்துவிடும். ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விவாகரத்துத் தீர்ப்பை ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள். எந்த இடத்திலும் எதுவும் அச்சாகாது. அம்மா பெயரைச் சேர்ப்பது அப்படியில்லை, அது உங்கள் எந்த ஆவணத்திலும் இதுவரை இல்லாத பெயர். அதற்கு அரசிதழ் வேண்டும். நீங்கள் சொன்ன காரணத்தைப் படித்த பிறகு பழைய பெயருக்கே போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இரண்டு வழி இருக்கிறது என்பது தெரிந்து முடிவெடுங்கள்.

சரி, விலாசத்துக்கு வருகிறேன். அச்சாகும் அம்மா. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. தமிழ்நாடு அரசிதழ் வாராவாரம் புதன்கிழமை வரும். தனியார் விளம்பரங்களுக்கென்று ஆறாம் பகுதி, நான்காம் பிரிவு. பக்கத்தின் தலைப்பில், பெயர் மாற்ற அறிவிப்புகளுக்கு அரசு எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்காது, வெளியிடுபவரே முழுப் பொறுப்பு என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதன் கீழே வரிசையாக அறிவிப்புகள். வாசகம் எல்லோருக்கும் ஒரே அச்சுதான்: இன்னாருடைய மகளான, இந்தத் தேதியில் பிறந்த, இன்ன சொந்த மாவட்டத்தைச் சேர்ந்த, இன்ன எண், இன்ன தெரு, இன்ன ஊர், இன்ன பின்கோடில் வசிக்கும் நான், இனி இன்ன பெயரால் அழைக்கப்படுவேன். கடைசியில் கையொப்பக்காரரின் பெயர், இடம், தேதி. அவ்வளவுதான்.

புத்தகமாக மட்டும் வந்த காலத்தில் அதை யாரும் தேடிப் படிக்கமாட்டார்கள். ஏதோ ஒரு நூலகத்தின் அலமாரியில் கிடக்கும். இப்போது ஒவ்வொரு வாரத்து இதழும் பி.டி.எஃப். ஆக இணையத்தில் இருக்கிறது. உங்கள் பிறந்த தேதி, பழைய பெயர், புதிய பெயர், கதவு எண் நான்கும் ஒரே பத்தியில், யாரும் எப்போதும் திறந்து பார்க்கும்படி. பெயர் மாற்றத்தை ஊருக்கு அறிவிப்பது நியாயம். கடன் கொடுத்தவர், சொத்தில் பங்கு உள்ளவர், வழக்கில் எதிர்த்தரப்பு என்று பலருக்கும் இவர்தான் அவர் என்று தெரிய வேண்டியிருக்கிறது. பழைய பெயரில் வாங்கிய கடன் புதுப் பெயரிலும் கடன்தான். ஆனால் அதற்குத் தெருவும் கதவு எண்ணும் எதற்கு? பழைய பெயரும் புதுப் பெயரும் மாவட்டமும் இருந்தால் போதாதா? வீட்டு வாசல் வரை வழி சொல்லும் அறிவிப்பு, உங்களைப் போன்ற பெண்களுக்கு ஆபத்தில் முடியும். இது என் திடமான கருத்து. ஆனால் படிவம் கேட்கிறது, விட்டுவிட்டு அனுப்ப முடியாது.

அதனால் செய்யக்கூடியது இதுதான். பொய் விலாசம் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் நாளைக்கு எவரும் அந்த அறிவிப்பையே கேள்வி கேட்கலாம், அப்புறம் அரசிதழ் பிரதி தபாலில் வரும்போது வாங்க ஆள் இருக்காது. உங்கள் அம்மாவின் வீடு உங்களுக்கு நிரந்தர விலாசமாக இருக்கிறதா? ஆதாரிலோ ரேஷன் அட்டையிலோ அந்த விலாசம் இருந்தால் அதையே படிவத்திலும் போடுங்கள். அந்த வீடு அவருக்கு ஏற்கெனவே தெரிந்த வீடாகத்தான் இருக்கும். அரசிதழைப் பார்த்து அவர் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இருக்காது. இப்போது வாடகைக்கு இருக்கும் வீட்டு விலாசத்தை ஆதாரில் ஏற்றியிருந்தால், அவசரப்படாமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வேலை செய்யும் இடத்தின் விலாசமும் வேண்டாம். சான்றொப்பத்தையும் அம்மா ஊரிலேயே வாங்குங்கள். முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும், பார்க்கிறவர் கேள்வி கேட்க இடம் வைக்க வேண்டாம்.

அவருக்கு நோட்டீஸ் போகாது. நம் ஊரில் வயது வந்தவர் பெயரை மாற்றுவதற்கு யார் சம்மதமும் வேண்டாம். அரசிதழில் வருவது ஒரு அறிவிப்பு, வழக்கு இல்லை. ஆட்சேபம் சொல்ல யாருக்கும் நாள் குறித்துக் கொடுப்பதில்லை.

இனி பெயரையே பார்ப்போம். விலாசத்துக்கு அடுத்தபடி கவனம் வேண்டியது இங்கேதான். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். கல்யாணத்தின்போது ஒன்று போய்விட்டது. மிச்சம் ஒன்று. அதனால் அரசிதழில் வரும் எழுத்தும் ஆதாரில் ஏறும் எழுத்தும் ஒரு புள்ளி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு உங்கள் பெயர் தேன்மொழி, அம்மா பெயர் ராஜேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட்-ஹெச் போடுகிறீர்களா, எல் போடுகிறீர்களா? தேன் என்பதில் ஹெச் உண்டா? சான்றிதழில் எப்படியோ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அழகுக்காக மாற்றாதீர்கள். ராஜேஸ்வரியை வெறும் ஆர் என்று இனிஷியலாகப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். அரசிதழில் ஆர் என்று வந்துவிட்டால், அந்த ஆர் என்பது ராஜேஸ்வரிதான் என்று நிரூபிக்க இன்னொரு அலைச்சல். முழுப் பெயரையே அச்சிடச் சொல்லுங்கள். ஒற்றைப் பெயராகவும் விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருப்பவர்களுக்கு விசிட் விசா கிடையாது என்று அறிவித்தபோது நம் ஆட்கள் பட்ட பாடு தெரியும்தானே.

பழைய பெயர் என்ற இடத்திலும் யோசிக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு பழைய பெயர்: சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று. ஒன்றை மட்டும் போட்டால் மற்றது அந்தரத்தில் நிற்கும். சான்றிதழில் உள்ள பெயர்தான் அடிப்படை. அதோடு ஆதாரில் உள்ள பெயரையும் சேர்த்துப் படிவத்தில் எழுதி, இரண்டும் அறிவிப்பில் வரும்படி கேளுங்கள். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களில் பெயர் மாறாது, அவற்றோடு அரசிதழ் நகலைச் சேர்த்துக் காட்டுவதுதான் நடைமுறை. அறிவிப்பில் சான்றிதழ்ப் பெயர் இல்லையென்றால் அந்த நகலால் என்ன பயன்?

அச்சாகி வந்ததும் முதல் வேலை, எழுத்துக் கூட்டி வாசிப்பது. பிழை இருந்தால் உடனே துறைக்கு எழுதுங்கள், திருத்தம் வெளியிடுவார்கள். பிழையோடு ஆதாரை மாற்றப் போகாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் முதலில் ஆதார், அடுத்து பான், அதற்குப் பிறகு வங்கியும் பி.எஃப்.பும். பானும் ஆதாரும் இணைந்திருக்கின்றன, ஒன்றில் ஒரு பெயரும் மற்றதில் ஒரு பெயரும் நீண்ட நாள் கிடந்தால் வருமான வரித் தளத்தில் தகராறு. நகை அடகு, இன்ஷூரன்ஸ் வாரிசு நியமனம், ஏதாவது சொத்துப் பத்திரம் பழைய பெயரில் இருந்தால் அவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தைத் திருத்த வேண்டாம். இனி எழுதுகிற பத்திரத்தில் பழைய பெயர் என்கிற புதுப் பெயர் என்று போட்டு அரசிதழ் விவரத்தையும் எழுதச் சொன்னால் போதும்.

மகள் விஷயத்தை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். உங்கள் பெயர் முதலில் நிலைபெறட்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இருக்கும், இனிஷியல் மாறினாலும் அந்தப் பதிவு மாறாது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், தந்தை இறந்த பிறகு குழந்தையின் குடும்பப் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை இயற்கைக் காப்பாளரான தாய்க்கு உண்டு என்று சொன்னது. உங்கள் மகளின் தந்தை உயிரோடு இருக்கிறார், அதனால் அது அப்படியே உங்களுக்குப் பொருந்தாது. குழந்தை உங்கள் பொறுப்பில் என்று தீர்ப்பில் தெளிவாக எழுதியிருக்கிறதா, அவருக்குப் பார்க்கும் உரிமை கொடுத்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் மேற்கொண்டு பேச முடியும். இந்த ஒரு விஷயத்துக்கு உங்கள் வழக்கை நடத்திய வக்கீலையே பாருங்கள். நேரம் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் முடித்தால் போதும். அதில் உள்ள பெயர்தான் சான்றிதழில் ஏறும்.


பே ஏரியா தமிழச்சி எழுதியது:

கோர்ட் வாசல் ஐயா சொன்ன விலாசக் கவலைக்கு இங்கே சட்டத்திலேயே பதில் வைத்திருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் பெயர் மாற்ற நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று நீதிமன்றம் ஒரு உத்தரவு போடும், அதை உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் ஒரு முறை வீதம் நான்கு வாரம் வெளியிட வேண்டும். ஆனால் குடும்ப வன்முறைக்கோ பின்தொடர்தலுக்கோ ஆளானவர்களுக்கென்று விலாசத்தை மறைத்துவைக்கும் மாநிலத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் பதிந்தவர்களுக்கு அந்த விளம்பரம் தேவையில்லை, புதுப் பெயரையும் ரகசியமாக வைக்கலாம். நியூயார்க்கில் 2021இல் வந்த சட்டம் பத்திரிகை விளம்பரம் என்பதையே எடுத்துவிட்டது. பொது அறிவிப்பும் பெண்ணின் பாதுகாப்பும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். நம் ஊரிலும் யாராவது மனு போட்டுக் கேட்க வேண்டும். தோழி, தைரியமாக இருங்கள்.


மாறன் எழுதியது:

நான் திருநம்பி. எனக்கு இந்த இழை மிக நெருக்கமானது.

எங்களுக்கு இப்போது அரசிதழ் இல்லாத வழி ஒன்று இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்கினால், அதை வைத்தே மற்ற ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றலாம். விண்ணப்பம் தேசிய இணையதளத்தில். என் ஆதார் அப்படித்தான் மாறியது. எனக்கு முன்னால் மாறியவர்கள் பலருக்கு அந்த வழி இருக்கவில்லை. அவர்கள் விட்டுவிட்டு வந்த பெயர், பிறந்த தேதியோடும் தெருவோடும் அரசிதழில் அப்படியே நிற்கிறது. வேலைக்கு எடுக்கும் நிறுவனம் ஒன்று என் தோழியின் அரசிதழ் பக்கத்தைத் தேடி எடுத்து, நேர்காணலில் அவள் முன்னால் வைத்துக் கேள்வி கேட்டது. அன்று இரவு முழுக்க அவள் பேசவில்லை.

ஆட்சியர் பார்த்துச் சான்றளித்தால் போதும் என்று எங்களுக்கு ஏற்றுக்கொண்ட அரசு, வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணுக்கும் அதையே செய்யலாம். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பை விடப் பெரிய சான்று எது? அக்கா, உங்கள் அம்மா பெயர் உங்கள் பெயரோடு வரட்டும்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. கோர்ட் வாசல் ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரேஷன் அட்டையில் என் பெயர் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறது. ஆதாரில் விலாசம் பழைய புகுந்த வீடு, அதை அம்மா வீட்டுக்கு மாற்றிவிட்டு விண்ணப்பம் அனுப்புகிறேன். மகள் விஷயத்தை வக்கீலிடம் கேட்கிறேன்.

ஒரு சந்தேகம். இன்று என் வங்கிக் கிளையில் விசாரித்தேன். அரசிதழ் வந்தாலும் போதாது, இரண்டு நாளிதழில் விலாசத்தோடு விளம்பரம் கொடுத்து அதையும் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்கும் இரண்டு பேப்பர் வேண்டும் என்றும் அதே அதிகாரி சொன்னார். அப்படியென்றால் மறுபடி விலாசம் வெளியே வரும்தானே?


கோர்ட் வாசல் எழுதியது:

பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நாளிதழ் வெட்டுத்துண்டு கேட்ட காலம் ஒன்று இருந்தது, இருக்கும் ஊரில் ஒன்று, நிரந்தர விலாசத்து ஊரில் ஒன்று என்று. அந்த நினைப்பில் பலரும் இன்னும் சொல்கிறார்கள். நீங்கள் அரசிதழை வைத்து விண்ணப்பியுங்கள், அதோடு தீர்ப்பு நகலையும் கொண்டுபோங்கள்.

வங்கிக்குப் பதில் இன்னும் தெளிவாக இருக்கிறது. வாடிக்கையாளரை அறிவது பற்றி ரிசர்வ் வங்கி 2016இல் கொடுத்த வழிகாட்டுதலிலேயே, ஆவணம் வாங்கிய பிறகு பெயர் மாறியிருந்தால் மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ இருந்தால் அந்த ஆவணத்தை ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நாளிதழ் விளம்பரம் பற்றி அதில் பேச்சே இல்லை. கிளையில் வாயால் வாதாடாதீர்கள். அரசிதழ் நகலை இணைத்து, பெயர் மாற்றக் கோரி ஒரு கடிதம் கொடுங்கள், மறுபிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரம் கட்டாயம் என்றால் எந்த விதிப்படி என்று எழுத்தில் பதில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பாதிப் பேர் செய்து கொடுத்துவிடுவார்கள்.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே புகார் போடலாம், கட்டணம் இல்லை. அந்த முத்திரை போட்ட மறுபிரதிதான் அங்கே உங்களுக்கு ஆதாரம்.

அப்படியும் வேறு எவராவது விளம்பரம் கேட்டே தீருவேன் என்று நின்றால், பழைய பெயர், புதுப் பெயர், அரசிதழ் எண், தேதி, மாவட்டம் இவ்வளவோடு நிறுத்தி நான்கு வரியில் கொடுங்கள். நான் எழுதிக் கொடுத்த விளம்பரங்களில் கதவு எண் போட்டதே இல்லை, பத்திரிகை ஆபீஸிலும் வாங்கிக்கொண்டார்கள். படிவம் நிரப்பியதும் அனுப்புவதற்கு முன் பெயர் எழுதிய இடத்தை மட்டும் இங்கே தட்டச்சு செய்து போடுங்கள், விலாசம் வேண்டாம். எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.